சீடியை முறித்தவர்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க மாடி வீடொன்றில் இருந்தார் அவர். கோயில் கச்சேரிப் பதிவுகளைச் சேர்ப்பவர். காசுக்குத் தரமாட்டார், ஒரு கச்சேரி கொடுத்தால்தான் ஒன்று தருவார். காலமான என் அப்பாவின் நாதஸ்வரக் கச்சேரி ஒன்று அவரிடம் மட்டுமே இருந்தது.

மெலிந்த உடம்பு, சிரிக்காத முகம். அதற்கு மாற்றாக வேறொரு கச்சேரியைப் பிரதி எடுத்து நான் கொண்டுபோன சீடியை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தோளில் கிடந்த என் மகன் சிணுங்கியதும் அவனை முறைத்தார்.

"ஆலாபனை முடிஞ்சு கீர்த்தனை தொடங்கேக்க ரெண்டு செக்கன் சத்தமே இல்லை. கொப்பி எடுத்தாப் பிறகு கேட்டுப் பாத்தனீங்களே?"

"இல்லை அங்கிள். பிள்ளை நித்திரை கொண்ட நேரத்தில அவசரமா அடிச்சனான்."

சீடியை இரண்டாக முறித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"அப்பாவின்ர கச்சேரியை மட்டுமாவது தாங்கோவன்."

"தந்தா அதையும் இப்பிடித்தானே ஆக்களுக்கு அடிச்சுக் குடுப்பீங்கள்? போயிட்டு வாங்கோ."

படியிறங்கும்போது அழுதேன். மகளுக்கு இல்லாத உரிமை இவருக்கு எப்படி வந்தது? இன்றும் அவரை நினைத்தால் எரிகிறது. ஆனாலும், தெரிந்தவர்களைக் காணும்போதெல்லாம் அவர் சுகமாக இருக்கிறாரா என்று விசாரிக்கிறேன். அப்பாவின் வாசிப்பு என்னிடம் வந்திருந்தால் இவ்வளவு காலம் கெடாமல் இருந்திருக்குமா என்பது எனக்கு நிச்சயமில்லை.