அம்மாவுக்கு நான் படித்துச் சொல்லாத கடிதம்

போன ஆண்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு சங்கத்தின் மாடிக் கூடத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழிகாட்டிய மருத்துவரைப் பற்றிப் பேச வேண்டும். நான் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். அதுவே அவர்களுக்குப் போதுமான தகுதியாக இருந்தது.

மைக்கைக் கொடுக்கும்போது சங்கத் தலைவர் காதோரம் சொன்னார்: "தம்பி, கொஞ்சம் பாத்துப் பேசுங்க லா. லேடீஸ்லாம் வந்திருக்காங்க."

பெண்களுக்கு வரும் நோயைப் பற்றிய கூட்டத்துக்குப் பெண்கள் வந்துவிட்டார்களே என்பதுதான் அந்த மனிதருடைய கவலை! முன்வரிசை முழுக்கச் சால்வை போர்த்திய ஆண்கள். பெண்கள் பின்னால், மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில். அவர்களுக்கு நடுவே என் அம்மா.

நான் பார்த்துப் பேசவில்லை. அந்த உறுப்பின் பெயரை ஒவ்வொரு முறையும் முழுசாகச் சொன்னேன். அந்த மருத்துவர் ஆராய்ச்சியைக் கினிப்பன்றிகளில் தொடங்கியதை, அவர் மனைவியே ஆண்டுக்கணக்கில் சோதனைக்கு மாதிரி கொடுத்ததை, நுண்ணோக்கியில் புற்றுச் செல்லைக் கண்டு அவர் சொன்னபோது பெரிய டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கியதை எல்லாம் சொன்னேன். வெட்டி எடுத்துப் பார்த்தே பழகிய மேதைகளுக்கு, ஒரு துளியில் நோய் தெரியும் என்றால் பிடிக்குமா? அவர்களை நார் நாராகக் கிழித்தேன். "பரிசோதனைக்கு வரச்சொல்லி அரசாங்கக் கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள்" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். சால்வைக்காரர்களும் தட்டினார்கள்.

உட்லண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது அம்மா கேட்டாள்: "ஏன்டா, எனக்கு மட்டும் அந்த லெட்டர் வந்ததே இல்லையே?"

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்திலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். அந்தக் கடிதம் இரண்டு முறை வந்தது. முதல் முறை, இதை அம்மாவிடம் எப்படித் தமிழில் சொல்வது என்று நாக்குக் கூசியது. "சும்மா விளம்பரம்மா" என்றேன். இரண்டாம் முறை கூசக்கூட இல்லை. வேலைக்குப் போகிற வழியில் குப்பையில் போட்டேன். அன்று முழுவதும் அடுத்தவர்களுடைய அம்மாக்களின் மாதிரிகளை எண் பார்த்து அடுக்கினேன், சிரத்தையாக.

"வந்துச்சும்மா" என்றேன். "ரெண்டு தடவை. நான்தான் சொல்லல. வெக்கமா இருந்துச்சு."

பக்கத்தில் யாருக்காவது கேட்குமா என்று அம்மா சுற்றிப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "நின்னு நாலு வருஷம் ஆச்சு. ரெண்டு மாசமா மறுபடி ரத்தம் படுது. வயசுக் கோளாறுன்னு விட்டுட்டேன்" என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மேடையில என்னமா வாய் கிழிஞ்சுது ஒனக்கு! ஊரான் பொண்டாட்டி கதையெல்லாம் தெரியுது. பெத்தவகிட்ட சொல்றதுக்கு மட்டும் வாய் இல்ல."

மறுநாள் காலை பாலிகிளினிக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன்.

"எங்க வர்ற?"

"டாக்டர் சொல்றத உனக்குச் சொல்லணும்ல?"

"நீ சொன்னதெல்லாம் போதும். உக்காரு."

தமிழ் பேசும் தாதி ஒருவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே உட்கார்ந்து, உதடு பிதுக்கிய அந்தப் பழைய டாக்டர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்காவது சந்தேகம் என்று ஒரு சாக்கு இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும்.

அது புற்றுதான். ஆரம்பக் கட்டம். பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரைப் பார்த்தபோது தமிழ் தெரிந்த தாதி யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். டாக்டர், இரண்டு கடிதம் அனுப்பியதும் பதிவாகியிருந்த கோப்பைப் புரட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார்.

"என்ன சொல்றாரு? முழுசாச் சொல்லு."

"கருப்பையை எடுக்கணுமாம்மா. எடுத்துட்டா சரியாயிடுமாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொத லெட்டர் வந்தப்பவே வந்திருந்தா, இது இவ்வளவு தூரம் வந்திருக்காதுங்கிறாரு."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"என்னிக்கு வந்து படுக்கணும்னு கேளு" என்றாள்.