பட்ட மரம் என்று அச்சிடப்பட்ட பீச் மரமும் செயலாளர் நவநீதகிருஷ்ணனும்

2025 ஜனவரி 13, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில், புதுச்சத்திரத்தில் எங்கள் குடியிருப்பு நகர்ச் சங்கத்தின் செயலாளர் திரு. நவநீதகிருஷ்ணன், பூட்டாத வெளிக்கதவைத் திறந்து என் வீட்டு முன்முற்றத்துக்குள் நுழைந்து, உயிருள்ள பீச் மரம் ஒன்றை அடியோடு அறுத்தார். இது குற்றச்சாட்டு. மார்ச் 2 அன்று சங்கம் வெளியிட்ட வெள்ளி விழா மலரில் உள்ள அவரது வாழ்க்கைக் குறிப்பு, இச்செயலை 'பட்ட மரம் அகற்றிய தொண்டு' என்கிறது. அக்குறிப்பில் விடுபட்டதை வசந்தாமணி ஆகிய நான் எழுதித் தருகிறேன்.

அவர் பத்தொன்பது வயதில் ரிக் லாரியில் ஏறியவர். வட மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டே வீடு கட்டினார். நிலத்தை ஒரு முறை பார்த்தால் தண்ணீர் இருக்குமிடம் சொல்வார். நகரின் பொதுக் கிணறு அவர் காட்டிய இடத்தில்தான் இன்றும் ஊறுகிறது. இதை நான் மறுக்கவில்லை. பார்த்தவுடன் சொல்லும் அந்தப் பழக்கமே என் மரத்தைக் கொன்றது.

பீச் குளிர்நாட்டு மரம். நம் சமவெளியில் அது தானாக இலை உதிர்த்து உறங்காது, உறங்காவிட்டால் பூக்காது. ஏற்காட்டில் வாங்கிய ஒட்டுக்கன்றை ஐந்து ஆண்டுகள் வளர்த்தேன். படித்தது எட்டாம் வகுப்பு; மற்றதைத் தோட்டக்கலைத் துண்டறிக்கைகளிலிருந்து கற்றேன். கார்த்திகையில் தண்ணீரை நிறுத்தி, மார்கழியில் ஒவ்வோர் இலையாகக் கையால் உருவ வேண்டும். நான்காம் ஆண்டில் பதினொரு பழங்கள் கிடைத்தன. இம்முறை உருவி முடித்த நாள் டிசம்பர் 28; அன்று முதல் மரம் மொட்டையாக உறங்கியது. குறிப்பேட்டின் நகல், இணைப்பு ஒன்று.

பொங்கலுக்கு முந்தைய நாளான ஜனவரி 13, காப்புக் கட்டும் நாளில், எடப்பாடியிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பியபோது செயலாளர் என் வாசல் நிலையில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் செருகிக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மிணி. காப்புக் கட்டற நாள்ல ஊட்டுக்கு முன்னால பட்ட மரம் நிக்கலாமுங்களா? நானே அறுத்துப் போட்டுட்டேன். கூலியெல்லாம் வேண்டாமுங்க."

"ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"செத்ததுக்கு என்னத்தங்க கேக்கறது?"

பட்டையை நகத்தால் கீறியிருந்தால் உள்ளே பச்சை தெரிந்திருக்கும். அவர் கீறவில்லை. நான் கீறினேன், அறுத்த கிளையைப் படமெடுத்தேன். இணைப்பு இரண்டு.

அறுபட்ட கிளைகளைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினேன். ஜனவரி 24 அன்று இளஞ்சிவப்பாக மொட்டவிழ்ந்தன. 26 காலை, கொடியேற்றம் முடிந்ததும், ஒரு கிளையை எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் நீட்டினேன்.

"அட, பிளாஸ்டிக் பூவா! எந்தச் சந்தையில புடிச்சீங்க அம்மிணி?" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தொட்டுப் பாருங்க."

"நாப்பது வருசமா பூமியப் பாத்தவனுங்க நானு. தொட்டுத்தான் தெரியணுமா?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சிரித்தவர்களில் ஒருவர்கூட அருகே வந்து தொடவில்லை. அவர்கள் வீட்டு எண்கள் என்னிடம் உள்ளன. ஐந்து வாரங்களில் 'பட்ட மரம்' என்ற பொய் அச்சாகியும் வந்துவிட்டது.

மரத்தை எவராலும் திருப்பித் தர இயலாது. நான் கேட்கவும் இல்லை. அவர் தன் கையெழுத்தில், 'நான் அறுத்தது உயிருள்ள மரம். பார்த்து ஏமாந்தேன்' என்று எழுத வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் அதை அவரே நின்று வாசிக்க வேண்டும். மலரின் மீதமுள்ள எல்லாப் படிகளிலும் அது ஒட்டப்பட வேண்டும். மறுத்தால், இக்குறிப்பு இணைப்புகளோடு நகரின் நாற்பத்தாறு வீடுகளுக்கும் போகும். அடுத்த சங்கத் தேர்தலில் அவர் ஐந்தாம் முறையாகப் போட்டியின்றித் தேர்வாக மாட்டார், எதிர்த்து நிற்பவள் நான்.

வாசலில் வந்து வாய்மொழியாகச் சொல்லும் சமாதானம் ஏற்கப்படாது. பதினைந்து நாட்களுக்குள், தேதியும் கையொப்பமும் இட்ட எழுத்துப்பூர்வமான பதில் தேவை.