மச்சுப் பலகை இடுக்கில் விழுந்த பல்

சர்ர்... சர்ர்... என்று முறத்தில் ஏலக்காய் புரளும் சத்தம். ஐம்பதுகளில், போடியில், அந்தச் சத்தத்துக்கு மேலே மச்சில் உட்கார்ந்து நான் பல் வரைந்தேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், வெளியில் சொன்னால் பயப்படுவார்கள், அப்படியொரு தொழில். விலங்கியல் படித்துவிட்டு ஏலக்காய்க் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கு, சென்னையில் பாடம் சொன்ன பேராசிரியர் தபாலில் அனுப்பிய வேலை. கல்லாகிப்போன பற்களை லென்ஸில் பார்த்துப் பெரிதாக்கி வரைய வேண்டும். என்ன உத்தியோகம் என்று யாருக்கும் விளக்க முடியாமல் தவித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மூத்த எலி

மாமியார் ஒருநாள் லென்ஸில் பார்த்தார். ராட்சதப் பல்லிகள் திரிந்த காலத்தில், அவற்றின் காலடியில் பூச்சி தின்று பிழைத்த எலியளவுப் பிராணியின் பல் என்றேன். குட்டிக்குப் பால் கொடுத்த கூட்டம். அந்த வழியில்தான் பசுவும் வந்தது, யானையும் வந்தது, நாமும் வந்தோம் என்றேன். அவர் லென்ஸைத் துடைத்து மேசையில் வைத்தார்.

“ஒங்க வீட்டாளுக வந்திருப்பாக. நாங்க ராசிங்காபுரத்துலேர்ந்து வந்தவுக.”

வீங்கிய கன்னம்

பார்சலின் மேல் ‘பற்கள், பத்திரம்’ என்று எழுதியிருக்கும். தபால்காரர் அதை ஊர் முழுக்கப் படித்துக் காட்டிவிட்டார் போலிருக்கிறது. ஒரு காலையில் பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து விவசாயி ஒருவர் வீங்கிய கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு படியேறி வந்து வாயைத் திறந்தார். நான் வைத்தியர் இல்லை, பத்துக் கோடி வருடத்துக்கு முன் செத்தவற்றின் பல்லை மட்டும்தான் பார்ப்பேன் என்றேன். மெதுவாக வாயை மூடினார்.

“செத்ததுக்கெல்லாம் பாக்குறீக. உசுரோட வந்து நிக்கிறவனுக்குப் பாக்க மாட்டீகளா, ஆத்தா?”

ஆறு முறங்கள்

அந்த மழைக்காலத்தில் வந்தது ஒற்றைப் பல். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று பேராசிரியரை நம்பிக் கடனாகக் கொடுத்தது. ஏலவிதையைவிடச் சிறியது, நிறமும் அதே கருமை. தொலைந்தால் அவர் மானம் போகும், என் வேலையும் போகும். நான் படித்த படிப்பில் எனக்கு மிஞ்சியிருந்தது அந்த வேலை மட்டும்தான். படத்தை முடித்து, பல்லைப் பஞ்சில் வைக்கப் போனபோது இடுக்கியிலிருந்து துள்ளி, மச்சுப் பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்தது. கீழே ஆறு பெண்கள் முறங்களில் ஏலவிதையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள்.

ஓடிப்போய்ச் சொன்னேன். பத்து நிமிடத்தில் என் உள்ளங்கையில் ஒரு பொடிக்கல், ஒரு சுண்டெலிப் பல், ஒருத்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்த மகனின் பால்பல் எல்லாம் சேர்ந்தன. இவை இல்லை என்றேன். பால்பல் கொடுத்தவளின் முகம் வாடியது.

“இதுக்கு என்ன கொறச்சல்க்கா? ஒங்களுக்குப் பழசுதான் வேணுமாக்கும்!”

நாக்கு நுனி

அந்த ஆறு பேரில் பேச்சியம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. விதை முற்றியதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். முறத்தில் ஓடிய விரல் நின்றது. எதையோ எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். விழுங்கிவிடாதே என்று கத்தினேன். அவள் கண்ணை மூடி அதைப் புரட்டினாள். “முன்னாடி மூணு முனை குத்துதுக்கா. பின்னாடி குழியாட்டம் ஒரு திட்டு.” என் படத்தில் மூன்று முனைகள் இருந்தன. திட்டு இல்லை.

லென்ஸில் பார்த்தேன். பல்லோடு ஒட்டிய கல் என்று நினைத்து நான் வரையாமல் விட்டிருந்த மண் அவள் எச்சிலில் கரைந்திருந்தது. அங்கே ஒரு சிறு மேடை, நடுவில் குழி. முன்பக்கம் வெட்ட, பின்பக்கம் அரைக்க: அரிவாள்மனையும் அம்மியும் ஒரே பல்லில். அந்த எலியளவுப் பிராணிகளின் வம்சம் பெருகியதற்கு இந்தத் திட்டுதான் காரணம் என்று பேராசிரியர் வாதாடிக்கொண்டிருந்தார். ஆதாரம்தான் கிடைக்காமல் இருந்தது. படத்தைத் திருத்தி, கண்டுபிடித்தவள் பேச்சியம்மாள் என்று கடிதத்தில் எழுதினேன். அவளிடமும் சொன்னேன்.

“அதுக்கென்னக்கா, வெரசா அதைப் பத்திரப்படுத்துங்க. எனக்குச் சோலி கெடக்கு.”

பேராசிரியரின் புத்தகம் அச்சாகி வந்தபோது அந்தத் திட்டைக் கண்டுபிடித்தவை அவரது கூரிய கண்கள் என்று முன்னுரை சொன்னது. பேச்சியம்மாள் கண்ணில் புரை விழுந்த பிறகும், நாக்கை நம்பி, அதே கடையில் ஏலவிதை பிரித்துக்கொண்டிருந்தாள்.