நானூறு மீட்டர் போகும் பெட்டி

வெயிலை நம்பி ஓடும் பொருளைச் செய்கிறவனுக்கு, பெங்களூர் வானத்தைப் பார்த்துக் கவலைப்படுவதும் வேலையில் சேர்த்திதான். முதல் வேலையில் புரொபேஷனில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது சீக்கிரம் புரியும்.

எங்கள் கம்பெனி பிரேசர் டவுனில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. முதலாளி ஸ்டீபன் சார், நான், இரண்டு சால்டரிங் அயர்ன். மலைக்காட்டில் தவளைகளை ஆராயும் நளினி மேடத்துக்கு ஒரு பெட்டி செய்ய வேண்டும். அவருடைய முகாமில் டிஷ் வைத்து இன்டர்நெட் வாங்கியிருந்தார்கள். தவளைச் சத்தத்தைப் பதிவு செய்யும் கருவி நானூறு மீட்டர் தள்ளி, கீழே ஓடைக்கரையில் இருந்தது. முகாமின் வைஃபையை அங்கே வரை நீட்டித் தருவதுதான் பெட்டியின் வேலை. வெளியே கரன்ட் கிடையாது, அதனால் சோலார். பெட்டி காட்டில் வேலை செய்தால் எனக்கு வேலை நிரந்தரம். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியதிலிருந்து, 'பர்மனென்ட்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சும்மா சொல்வதில்லை.

திங்களும் வியாழனும்

மொட்டை மாடியில் சோலார் பேனலை வைத்து, பேட்டரி எவ்வளவு ஏறுகிறது என்று தினமும் நோட்டில் எழுதினேன். திங்களும் வியாழனும் மட்டும் பாதிதான் ஏறியது. பேட்டரியை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். சார்ஜரை மாற்றினேன். மூன்று வாரம் கழித்துத்தான், ஒரு திங்கட்கிழமை பகலில் மாடிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. பேனல்மேல் பூப்போட்ட இரட்டைப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

கீழே குடியிருந்த வீட்டு ஓனர் ஷகீலா ஆன்ட்டியிடம் போய், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் வருவதைப் பணிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது வேலை செய்யுதுன்னு எனக்கு எப்படித் தெரியும், பேட்டா? சத்தமும் இல்ல, லைட்டும் இல்ல. போர்வை மட்டும் சீக்கிரம் காயுது."

எடை

சுமந்துகொண்டு போக முடிகிறதா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை ரயிலில் ஏற்றித் தங்கவயலுக்குக் கொண்டு போனேன். வாசலிலேயே அம்மா, "பர்மனென்ட் ஆயிடுச்சா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "கையில எடுத்துட்டுப் போற மாதிரி பண்ணியிருக்கோம்பா" என்று அப்பாவிடம் பெட்டியைக் காட்டினேன். அவர் சுரங்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். பெட்டியைத் தூக்கினார். உடனே கீழே வைத்தார்.

"தலையில எரியற லைட்டுக்கு பேட்டரிய இடுப்புல கட்டிக்கிட்டுத்தான்டா நாங்க ஷிப்ட் முழுக்க வேலை செஞ்சோம். இதக் கட்டிக்க நீ முதல்ல ஒரு இடுப்பைத் தயார் பண்ணு."

பூத்த மரங்கள்

பதினோரு கிலோவை ஏழு கிலோவாக்கிவிட்டு, தூரத்தைச் சோதிக்கக் கிளம்பினோம். திறந்த மைதானத்தில் பார்த்தால் போதும் என்றார் சார். காட்டுக்குப் போகிற பெட்டியை மரங்களுக்கு நடுவில்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி மாதம். பெங்களூரிலேயே ஒரு தோப்புக்குப் போனோம்; தோப்பு முழுக்க இளஞ்சிவப்புப் பூ. ஒரு முனையில் பெட்டியோடு நான், மறு முனையில் லேப்டாப்போடு சார். தலையெல்லாம் பூவாக அங்கிருந்து போன் செய்தார்.

"நானூறு மீட்டர்! அத்தனை மரத்தையும் தாண்டி வருதுப்பா. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

ஜூலை

காட்டில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. பேட்டரி தாங்கியது. அதுவரை பெருமையாகத்தான் இருந்தது. முகாமின் ஓரத்தில் பெட்டியை வைத்துவிட்டு, லேப்டாப்பைக் குடைக்குள் பிடித்தபடி நளினி மேடத்தோடு ஓடையை நோக்கி இறங்கினேன். நூற்றைம்பதாவது மீட்டரில் சிக்னல் போய்விட்டது. பின்னால் வந்தால் கிடைத்தது, முன்னால் போனால் போனது. பதிவுகளை எடுக்க இந்த வழியில் தினமும் நடப்பவர் அவர். காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டே, "மரங்களுக்கு நடுவே சோதித்தது" என்று நான் எழுதியிருந்த தாளை இரண்டு முறை படித்தார். பிறகு மேலே பார்த்தார். சுற்றிலும் இலை, இலையெல்லாம் ஈரம்.

"தம்பி, நீங்க டெஸ்ட் பண்ண மரத்துல இலை இருந்துச்சா?"

வரை

இல்லை. பூ மட்டும்தான் இருந்தது. ஈர இலை வைஃபையை விழுங்கிவிடும் என்பது எங்கள் பாடத்திலேயே உண்டு. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நான் முழு மார்க் வாங்கியிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு பாடம் இருக்கும்.

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ரிப்போர்ட்ல 'நானூறு மீட்டர் வரை'ன்னு போட்டுடு. நூத்தம்பதும் அதுக்குள்ளதானே வருது?" என்றார். 'வரை' என்று டைப் செய்தேன். அடுத்த மழையிலும் அட்டைக் கடியோடு நளினி மேடம் இறங்குவது கண்ணில் வந்தது. அழித்தேன். 'இலையில்லாத மரங்கள்: நானூறு. நனைந்த இலைகள்: நூற்றைம்பது. முதல் சோதனையில் இலையைக் கவனிக்காதது என் தவறு' என்று அடித்து நீட்டினேன்.

"இது ரிப்போர்ட் இல்லப்பா, வாக்குமூலம். உன் பேரைப் போட்டே அனுப்பு."

பதில்

ஒன்பது நாள் பதில் இல்லை. போனில் அம்மா, "பர்மனென்ட் ஆயிடுச்சா?" என்றார். மழை நிற்கட்டும் என்றேன். பத்தாவது நாள் நளினி மேடத்தின் மெயில் வந்தது. ஓடைக்குப் போகும் வழியில் மரம் விழுந்து வெயில் படுகிற இடம் இரண்டு இருக்கிறதாம். நூற்றைம்பது என்று உறுதியாகத் தெரிந்ததால் இடத்தை அளந்துவிட்டாராம். அங்கே வைக்க இன்னும் இரண்டு பெட்டி வேண்டும். அவர்கள் காட்டில் இலை மொத்தமாக உதிர்வதே கிடையாது என்பதால், ரிப்போர்ட்டின் முதல் வரியை நீக்கிவிடலாம் என்றும் எழுதியிருந்தார்.

சார் மெயிலைப் படித்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதில் இருந்த ஆர்டரில் மெயிலுக்கு முந்தின, போன வாரத் தேதி.

"நீ ஒழுங்கா பண்ணியிருந்தா ஒரு பெட்டியோட வியாபாரம் முடிஞ்சு போயிருக்கும். பர்மனென்ட் ஆயிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு. ஆனா அடுத்த தடவை தோப்புக்குப் போனா, கொஞ்சம் அண்ணாந்து பாரு."

அன்றிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும், ஊரே நின்று பூவை ரசிக்கிற தெருக்களில், இலை எப்போது வரும் என்று அண்ணாந்து பார்த்துக் கவலைப்படும் நிரந்தர ஊழியன் நான்.