கேட்கவில்லை என்று எழுதுவது

எங்கள் வேலையில் "இல்லை" என்று யாரும் எழுதமாட்டோம். ஒரு பறவையைத் தேடிப் போய் அது அகப்படாவிட்டால், "கேட்கவில்லை" என்றுதான் எழுதுவோம். சேர்ந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டில் அது அம்மாவின் சாக்கு. இன்னொரு தோசை வைக்க மறந்துவிட்டு, "நீ கேக்கவே இல்லியே கண்ணு" என்பாள். இந்த ஆண்டு அதே சொல் என் கழுத்தைப் பிடித்தது.

நான் தேடுவது சோலைக்கிளி. பெயர்தான் கிளி. மேலே கருநீலம், வயிறு வெளுப்பு, சிட்டுக்குருவி அளவு. மலை மடிப்புகளில் கிடக்கும் சோலைக்காடுகளை விட்டு வெளியே வராது. நடுவில் இருக்கும் புல்வெளியைத் தாண்டக்கூட யோசிக்கும். அதனால் எந்தச் சோலையில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று வரைபடம் போட்டால், எந்தக் காடு இன்னும் காடாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். புதருக்குள்ளேயே திரிவதால் அது கண்ணில் படாது, காதால்தான் பிடிக்க வேண்டும். விடிந்ததும் ஓரிடத்தில் அசையாமல் நின்று கேட்போம். அதே இடத்துக்கு வேறு நாள்களிலும் போவோம். ஒரு நாள் பாடாதது மறுநாள் பாடும். அந்த வித்தியாசத்தை வைத்து, பறவை இருந்தும் நமக்குத் தப்பியிருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடுவோம். பறவையின் மௌனத்தை மன்னிக்கிற கணக்கு அது. கேட்பவளின் செவிட்டுத்தனத்தை மன்னிக்க அதற்குத் தெரியாது. அவள் எத்தனை முறை போனாலும் கேட்காது. கணக்கும், சரி, இங்கே இல்லைதான் என்று நம்பிவிடும்.

இந்த ஆண்டுதான் என்னோடு வேலை செய்ய ஒருத்தி வந்தாள். மூணாறை அடுத்த தேவிகுளத்துப் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்களின் லய வீட்டில் பிறந்தவள். என் வயது, என்னைப் போலவே இந்தப் படிப்பைப் படித்தவள். வட்டவடைக்கு மேலே ஒரு சோலையில் என் தோளைத் தொட்டாள்.

"ஏட்டி, கத்துதுல்லா."

"ஓடைச் சத்தந்தான் அம்மிணி கேக்குது."

"வெளயாடாத. காலடியில நின்னுல்லா கத்துது."

நான் விளையாடவில்லை. எனக்கு ஓடை மட்டும்தான் கேட்டது.

பாலக்காட்டில் ஒரு காது டாக்டர் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். "பேச்சுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. குருவி கத்தற மாதிரி கீச்சுன்னு வர்ற உச்சத்துச் சத்தம் ரெண்டு காதுலயும் போயிருச்சுங்க. திரும்ப வராது" என்றார். எப்போது போனது என்று கேட்டேன். சொல்ல முடியாது, மெல்ல மெல்லப் போயிருக்கும் என்றார். எனக்கு அந்த மனிதரின் மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போல் இருந்தது. மெல்ல மெல்ல என்றால் எந்த வருடத்திலிருந்து? நான் தனியாக நின்று, காது கொடுத்துக் கேட்டு, கேட்கவில்லை என்று எழுதிய சோலைகளெல்லாம் என்ன ஆவது? அவை காக்க வேண்டிய காடுகளின் வரைபடத்திலிருந்து என் காதால் அல்லவா விழுந்துவிட்டன!

அலுவலகத்தில் நானே சொன்னேன். மழைக்கு முன் வரைபடத்தை முடித்தாக வேண்டும், அதற்குள் முடிந்தவரை மறுபடி கேளுங்கள் என்றார்கள். அவள் கேட்டாள், நான் பின்னால் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு சோலையில் கட்டைவிரலை உயர்த்தினாள். அடுத்ததிலும். கேட்டால் ஒன்று, கேட்காவிட்டால் பூஜ்யம்; என் பழைய பூஜ்யங்களுக்குப் பக்கத்தில் அவள் போனில் ஒன்று, ஒன்று என்று பதிந்தபோது சந்தோஷமும் அவமானமும் சேர்ந்தே வந்தன.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. கேரட் பாத்திகளுக்கும் தைல மரங்களுக்கும் நடுவே ஒரு சின்னச் சோலை. பறவை இல்லை என்று ஆகிவிட்டால் அதன் ஊடே ஜீப் ரோடு வரும். ரோடு கேட்பவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, மூட்டையைத் தலையில் சுமந்து இறங்குகிறவர்கள் அவர்கள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இந்தக் கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே, அங்கேதான் சோலைக்கிளியை முதன்முதலாகக் கேட்டேன். நல்ல காதால் கேட்டேன். அதெல்லாம் கணக்கில் சேராது.

இரண்டு காலைகள் பனிமூட்டத்தில் போயின. அவள் காட்டைக் கேட்டாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளும் உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாம் காலைதான் எங்களுக்குக் கடைசி. கேளடி, கேட்டுத் தொலையடி என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே நின்றேன். சட்டென்று பக்கத்துப் புதரைக் காட்டி, "கேட்டுச்சு" என்றாள். நான் ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் போனில் ஒன்று என்று பதிந்தாள்.

அறைக்கு வந்ததும் ஒலிப்பதிவை லேப்டாப்பில் திறந்தேன். அதில் சத்தம் படமாகத் தெரியும். சோலைக்கிளியின் பாட்டு மேல் ஓரத்தில் மெல்லிய இழைகளாக ஓடும். இப்போதெல்லாம் அந்தப் பறவையை நான் கேட்பது அப்படித்தான். அந்தக் காலையில் இழை எதுவும் இல்லை. மறுபடி பார்த்தேன். ஓடை இருந்தது, வேறு குருவிகள் இருந்தன, என் அழுகைகூட இருந்தது.

"எங்க கேட்டுது? காட்டு."

அவள் காலுறையிலிருந்து அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீ எம் மொகத்தையே பாத்துட்டு நின்னா நா என்னட்டி செய்ய? காடாவது பொழச்சிட்டுப் போவட்டும். ஒரு ஒண்ணுதான. யாரு வந்து கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லை. அதுதான் என்னை வதைத்தது. அந்த ஒன்றை அப்படியே விட்டுவிட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் என்றைக்காவது அவள் காதும் பொய் என்றாகிவிட்டால், அவள் மீட்டுக் கொடுத்த மற்றச் சோலைகளும் போய்விடும். என் காதைத்தான் இழந்தாயிற்று, அவளுடையதையாவது காப்பாற்ற வேண்டும். போனை வாங்கி ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டேன். இத்தனை வருடங்களில் நான் போட்டவற்றில் நம்பக்கூடிய பூஜ்யம் அது ஒன்றுதான். போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மூணாறு போகும் ஜீப் அந்தச் சோலைக்குக் கீழே வளைவில் திணறி நின்றது. அவள் படுதாவை விலக்கித் தலையை வெளியே நீட்டினாள். சோலைப் பக்கம் காதைத் திருப்பினாள். பிறகு என் கையைப் பற்றி, மழை இரைச்சலுக்குள் ஏதோ சொன்னாள். அது கத்துகிறது என்றாளா, மன்னித்துக்கொள் என்றாளா, தெரியாது. ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது.

கேட்கவில்லை.