குழியின் மேல் ஒரு கொப்பரை

டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது ஜலஜாவின் இட்லிக் கடை. அதற்கு எதிரே சாக்கடைக் குழி ஒன்று ஆறு வாரமாக மூடியில்லாமல் வாயைப் பிளந்து கிடந்தது. முதல் வாரமே மழைத்தண்ணீரில் குழி இருப்பது தெரியாமல் அவள் கணவன் ராகவன் காலை விட்டுக் கணுக்காலை முறித்துக்கொண்டான். ஜலஜா மாநகராட்சி ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தாள். "லிஸ்ட்டில் இருக்கிறது" என்றார்கள். துர்கா பூஜைக்குப் பத்து நாள்தான் இருந்தது. கூட்டம் முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் போகும்.

பரணில் கிடந்த ஓட்டை இட்லிக் கொப்பரையைக் குழியின் மேல் கவிழ்த்து, சிவப்புத் துணியைக் கட்டினாள். மகள் ஸ்னேகா அதைப் படம் எடுத்து, யாராவது கவனியுங்கள் என்று அக்கம்பக்கத்தாரின் வாட்ஸப் குழுவில் போட்டாள்.

கவனித்தார்கள். யாரோ ஒருவன் அந்தப் படத்தின் மேல், "இந்த வருஷத்தின் முதல் பூஜைப் பந்தல்: இட்லி மாதா. பிரசாதம் சாம்பார்" என்று எழுதிவிட்டான். மறுநாள் மதியத்துக்குள் அந்த மீம் ஊரைச் சுற்றி வந்தது. சந்தில் கொப்பரைக்கு யாரோ செம்பருத்திப் பூ சாத்தியிருந்தார்கள்.

"நான் விழுந்தப்ப ஒருத்தனும் பூப் போடலியே" என்றான் ராகவன், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு.

"இருபதாயிரம் பேர் ஷேர் பண்ணியிருக்காங்கம்மா!"

"அடியில குழி இருக்குன்னு அதுல எத்தனை பேருக்குத் தெரியும்?"

ஸ்னேகா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அதப் பத்தி யாரும் எழுதலை. ஆனா நீ மூணு தடவை நடந்தியே, அப்ப யாரு பார்த்தா?"

பெண் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் உறுத்தியது. சிரித்தவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. சிரித்ததோடு தங்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள்.

அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கல்லில் மாவை ஊற்றுவாள், வாசலுக்கு ஓடுவாள். கல்லூரிப் பையன் ஒருவன் கொப்பரையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போட்டோவுக்காகப் பின்னால் நகர்ந்தான்.

"டேய், குழி!" சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"காக்கிமா, நீங்களும் வாங்க, ஒரு செல்ஃபி!" என்று சித்தி முறை கொண்டாடினான் அவன்.

"ஜலஜா, தோசை தீயுது!" என்று கத்தினான் ராகவன்.

"தீயட்டும்!"

மூன்றாம் நாள் மாநகராட்சி லாரியில் இரண்டு ஆட்கள் வந்தார்கள். வந்த வேகத்தில் கொப்பரையைத் தூக்கி லாரியில் போட்டார்கள்.

"மேலிடத்துல சத்தம், பௌதி" என்றான் ஒருவன், அண்ணி முறை வைத்து. "ஊரே எங்களைப் பார்த்துச் சிரிக்குது."

"மூடி?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

லாரி போய்விட்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஜலஜா உள்ளே போனாள். அடுப்பில் சாயங்கால ஈடு வெந்துகொண்டிருந்தது. தட்டுகளை எடுத்து வைத்து, வெந்நீரைக் கொட்டி, கடையில் மிஞ்சியிருந்த ஒரே கொப்பரையைக் கைத்துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு எதுல அவிப்பே?" என்றான் ராகவன்.

"இட்லி இல்லைன்னு எழுதிப் போடு." மகளிடம் திரும்பினாள். "இந்தத் தடவை குழியை மட்டும் எடு."

"உள்ள இருட்டா ஒண்ணுமே தெரியலம்மா. இத யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க."

"எடு."

ஸ்னேகா எடுத்தாள். ஜலஜா சூடு ஆறாத கொப்பரையைக் குழியின் மேல் கவிழ்த்துவிட்டு, யாரும் தூக்காதபடி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.