பெரியப்பாவின் விரல் பட்ட மலை

போன மாதம் மலைநாட்டு நகரம் ஒன்றில், கைபேசி திருத்தும் கடை வாசலில் நின்று, ஒரு பாவமும் அறியாத கடைக்காரப் பெடியனை முறைத்துக்கொண்டிருந்தேன். அவன் பயந்துபோய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டான். அதில் இருந்தபடியும் முறைத்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், நாலு புத்தகம் படித்தவன் என்று சொல்லித் திரிகிறவன் செய்த காரியம் இது. ஆனால் என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அது ஏழாம் வகுப்பில் தொடங்கியது.

அந்த வருடப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ‘காடடர்ந்த மலைப்பிரதேசமும் அதன் தொழில்களும்’ என்ற மாதிரியுரு என் தலையில் விழுந்தது. எங்கள் தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் மலைக்கு எங்கே போவது? நாங்கள் கண்ட ஆகப்பெரிய உயரம் வைக்கோற் போர். ஆனாலும் முதற்பரிசு எனக்குத்தான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

வீட்டில் மலையைக் கண்ட ஒரே ஆள் பெரியப்பா. எங்கள் ஊரார் பலரைப்போல அவரும் மலைநாட்டில் கடை வைத்திருந்தவர். இனக்கலவரத்தில் கடையை எரித்துவிட்டார்கள். உடுத்த சாரத்தோடு வந்து சேர்ந்தவர், பெரியம்மாவைச் சரவணையில் தாய்வீட்டில் விட்டுவிட்டு, எங்கள் விறாந்தையில் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டார். வீட்டுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீரைத் தூரத்துக் கிணற்றிலிருந்து அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அதற்குப் பெரியப்பா காவல்.

“பெரியப்பா, மண் குழைக்க ஒரு வாளி நல்ல தண்ணி தாங்கோ.”

“குடிக்கிற தண்ணியிலை மலை கட்டப் போறியோ? ஏலாது. கிணத்திலை அள்ளு.”

“அங்கை என்னென்ன தொழில் எண்டாவது சொல்லுங்கோவன்.”

“ஓடுறதுதான். போடா.”

நீர்வீழ்ச்சிகளுக்கு நடுவில் சீவித்த மனிதர் ஒரு வாளி தண்ணீருக்கு அழுகிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உவர் நீரிலேயே குளத்து மண்ணைக் குழைத்து, பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துப் பலகைமேல் மலை எழுப்பினேன். கரையில் ஒதுங்கிய கடற்பாசி காடு. அம்மா வடித்து எறிந்த தேத்தண்ணிச் சக்கை தேயிலைத் தோட்டம். தீக்குச்சிகள் வெட்டி அடுக்கிய மரங்கள். அப்பாவின் சிகரெட் பெட்டி ஈயத்தாள் நீர்வீழ்ச்சி, அதன் காலடியில் நெருப்புப்பெட்டி ஒன்று மின்நிலையம். எங்கள் வீட்டில் குப்பி விளக்குத்தான்.

கண்காட்சியன்று காலையில் பார்த்தால், மண் காய்ந்து உப்புப் பூத்து, உச்சி முதல் அடிவாரம் வரை வெள்ளை வெளேரென்று நின்றது மலை.

பட்டினத்திலிருந்து பஸ்சில் வந்து படிப்பிக்கிற வாத்தியார் குனிந்து பார்த்தார். “உம்மை ஆர் இமயமலை செய்யச் சொன்னது?”

வகுப்பே சிரித்தது. பல் துலக்கும் பிறஸ்சால் உப்பைத் தட்டித் தட்டி எடுத்தேன். பரிசுக்குத் தெரிவுசெய்கிறவர் வருவதற்குள் மலை ஓரளவு இலங்கைக்குத் திரும்பிவிட்டது. அப்போதுதான் பெரியப்பா வந்தார். கோயிலுக்குக்கூடப் போகாத மனிதர். ஆரும் கூப்பிடவுமில்லை.

ஈயத்தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். “ரோட்டு இப்பிடி வளைஞ்சு வரும்,” என்றார். என்னிடம் சொல்லவில்லை. “பிறகு ஒரு பாலம். பாலம் தாண்டினால்… கடை இதிலை.”

சொல்லிக்கொண்டே விரலை அழுத்தினார். உள்மண் காயவில்லை. விரல் அடிவரைக்கும் இறங்கியது. எடுத்தபோது பாதித் தேயிலைத் தோட்டம் கூடவே வந்தது. விரலைத் துடைக்காமல் அப்படியே நடந்து போய்விட்டார்.

பரிசு, பாய்க்கப்பல் செய்தவனுக்குப் போனது. வாத்தியார் ஓட்டையை எட்டிப் பார்த்து, “தீவார் மலையிலையும் கிணறு வெட்டுவினம்,” என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

தைப்பொங்கல் வரை நான் பெரியப்பாவோடு கதைக்கவில்லை. கடை எரிந்தது எனக்குத் தெரியாத விடயமில்லை. ஆனால் எரித்தவர்கள்மேல் எனக்கு மருந்துக்கும் கோபம் வரவில்லை. அவர்கள் என் மலையைத் தொடவில்லையே. எல்லாக் கோபமும் அந்த ஒற்றை விரல்மேல்தான். ஒரு மனிதருக்கு மிஞ்சியிருந்த கடை முழுவதும் அந்த ஓட்டைக்குள்தான் இருந்தது என்பது விளங்குகிற வயதில்லை. விளங்கியபோது பெரியப்பா இல்லை. ஊர்ப்பெயரை அவர் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

போன மாதம் பஸ் ஒரு நீர்வீழ்ச்சியைச் சுற்றி வளைந்தது. பாலம் வந்தது. பாலம் தாண்டினால் ஒரு கடை. இறங்கிவிட்டேன். வாத்தியாரின் சிரிப்பு, எரித்தவர்கள், பார்த்துக்கொண்டு நின்றவர்கள், என்னுடைய பொங்கல்வரை நீண்ட மௌனம் என்று நாற்பது வருடத்துக் கோபம் முழுவதையும் அந்தப் பெடியன் தலையில் இறக்கி வைத்தேன்.

ஊருக்கு வந்ததும் சரவணையில் மகளோடு இருக்கும் பெரியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா ஊர்ப்பெயரைத் திருப்பிக் கேட்டார்.

“அங்கையில்லையடா. எங்கடை கடை இருந்தது வேறை மலை. நீர்வீழ்ச்சியும் பாலமும் அங்கை எல்லா வளைவிலையும் கிடக்கு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். கடைக்காரரின் பெண்சாதியாய் இருந்தவர் அல்லவா?

“அவ்வளவு நேரம் கதிரையிலை இருந்தனி, அந்தப் பெடியனிட்டை ஒரு போன் கவராவது வாங்கினனியோ?”